மூன்று தடவை கேட்கும்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

டாக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். என்ன உள்ளே போகிறது, எவ்வளவு தூங்குகிறார், சளி எப்படி இருக்கிறது, அவருக்கு இவ்வளவுதான் வேண்டும். ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை "முழு வாக்கியமா எழுதுல" என்று காலமெல்லாம் அதட்டியவள் நான். துண்டு துண்டாக எழுத எனக்கு வராது. நர்ஸ் யாராவது படிக்க நேர்ந்தால் பொறுத்துக்கொள்ளட்டும்.

காலை சத்துமாவுக் கஞ்சி அரை டம்ளர். மதியம் பருப்புச் சாதம் மிக்ஸியில் அடித்தது. இரண்டு முறை புரையேறியது. சளி கெட்டியாக இருக்கிறது.

இவர் என் கணவர் திருமலைக்குமார். கோவில்பட்டி ரயில்வேயில் சிக்னல் பிரிவு. முதலில் கை போனது, பிறகு கால், போன வருஷம் நாக்கு. புத்தி அப்படியே இருக்கிறது. கண்ணும், இடது கன்னத்தில் ஒரு சிறு தசையும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. அந்தத் தசையின் மேல் புளியங்கொட்டை அளவில் ஒரு பித்தான் ஒட்டியிருக்கிறோம். அதிலிருந்து லேப்டாப்புக்கு வயர் போகிறது. திரையில் அ, ஆ, இ, ஈ என்று எழுத்துகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒரு வெளிச்சக் கட்டம் அவற்றின் மேல் நகர்ந்துகொண்டே இருக்கும். வேண்டிய இடத்துக்கு வந்ததும் இவர் கன்னத்தைத் துடிக்க வைப்பார். எழுத்து விழும். பித்தானையும் அந்த மென்பொருளையும் செய்து கொடுத்தது இவருடைய நண்பர் துரைசிங்கம். அவர் போன பங்குனியில் மாரடைப்பில் போய்விட்டார்.

லேப்டாப் பக்கத்தில் இல்லாத நேரத்துக்குக் கண் இருக்கிறது. மேலே பார்த்தால் ஆமாம். மூடினால் இல்லை. சிக்னல்காரர் மூளையில் இதைவிட எளிமையாக எதுவும் உதிக்காது.

இன்று வெகு நேரம் எதையோ அடித்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். படித்தேன். "வெயில் தாழட்டும், பேசுவோம்" என்றேன். வெயில் தாழ்ந்தது. துணி மடிக்கும் வேலை இருந்தது.

வியாழக்கிழமை மதுரைக்குப் போக வேண்டும். தொண்டையில் துளையிட்டு மூச்சு மிஷின் வைப்பதா வேண்டாமா என்று டாக்டர் இவரிடமே கேட்பாராம். இவரே திரையில் அடித்துக் காட்ட வேண்டுமாம். எங்களிடம் கேட்டால் போதாதாம். பிரிண்டருக்கு மை வாங்க வேண்டும். செவ்வாய் கடைக்கு லீவு, மற்ற நாளில் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று கம்ப்யூட்டர் கடை இசக்கிராஜ் சொல்லியிருக்கிறான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

லேப்டாப் தானாகவே புது வெர்ஷனுக்கு மாறிவிட்டது. நான் அடுப்படியில் இருந்தேன். வந்து பார்த்தால் நீலத் திரையும் சுற்றுகிற வட்டமும்தான். மதியம் வரை சுற்றியது. திறந்த பிறகு எல்லாம் பளபளவென்று இருக்கிறது, துரைசிங்கத்தின் மென்பொருள் மட்டும் திறக்கவில்லை. பித்தான் செத்துக் கிடக்கிறது. இந்தக் காலத்தில் எதுவும் நம்மைக் கேட்டு நடப்பதில்லை.

இவருக்கு விளக்கிச் சொன்னேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சி ஒரு டம்ளர். புரையேறவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வேகாத வெயிலில் இசக்கிராஜ் கடைக்குப் போனேன். பூட்டியிருந்தது. இன்று செவ்வாய் என்பது அங்கே போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. தேங்காயும் கொத்தமல்லியும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

சாத்தூரிலிருந்து கனி போன் செய்தாள். சண்முகக்கனி இவருடைய ஒரே தங்கை. "கடைக்குப் போனீங்களா மதினி?" என்றாள். போனேன் என்றேன். போனது உண்மைதானே.

ஆகஸ்ட் 7, வியாழன்

மதுரை. கனியின் காரில் போனோம். கப்பலூர் தாண்டும்போது ஒரு முறை மூச்சு திணறியது. உட்கார்த்தி வைத்ததும் சரியானது.

லேப்டாப் கெட்டுப்போன விஷயத்தை டாக்டரிடம் சொன்னேன். "சரி, கண்ணால சொல்லட்டும்" என்றார். இவர் பக்கம் குனிந்து நிதானமாகக் கேட்டார். "சார், மிஷின் வெச்சா மூச்சுக்குக் கவலை இல்ல. ஆனா படுக்கையோடதான் இருக்கணும். அதுல இருந்து திரும்ப வர்றதுங்கறது கிடையாது. உங்களுக்கு வேணுமா?"

டாக்டருக்கு இவர் கண் பழக்கமில்லை. அதனால் நான் கிட்டே போய் மறுபடி கேட்டேன். "வேணும்தானேங்க?" என்றேன். இவர் மேலே பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் அடித்ததால் கண்ணை மூடித் திறந்தார், அவ்வளவுதான். "வேணும்ங்கிறார்" என்றேன். டாக்டருக்கு அப்போது ஒரு போன் வந்து அவர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். பிறகு எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

"இது அவசரத்துக்குத்தாம்மா. லேப்டாப் சரியானதும் அவரையே அடிக்கச் சொல்லி ஒரு தாள் கொண்டு வாங்க. அடுத்த வியாழன் வாங்க. இது அவர் உடம்பு" என்றார். இவர் உடம்பு என்று எனக்குத் தெரியாதா? குளிப்பாட்டுகிறவள் யார்?

திரும்பும்போது கனி, "அண்ணன் கண்ணை மூடுன மாதிரில்ல இருந்துச்சு மதினி" என்றாள். வெளிச்சம் என்றேன். "உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்" என்று ரோட்டைப் பார்த்து ஓட்டினாள்.

ஆகஸ்ட் 9, சனி

கனி விடவில்லை. அவளே போன் போட்டு இசக்கிராஜை வீட்டுக்கு வரவழைத்துவிட்டாள். வந்தவன் லேப்டாப்பைத் திறந்து பார்த்து, "எப்படி டீச்சர் மாறுச்சு?" என்றான்.

"தானாத்தான்."

"தானா மாறாது டீச்சர். மாறட்டுமான்னு கேக்கும். சரின்னா, பழைய புரோகிராம் சிலது ஓடாது, பரவால்லையான்னு கேக்கும். அதுக்கும் சரின்னா, நிச்சயமான்னு இன்னொரு தடவை கேக்கும். மூணு தடவை யாராவது சரி குடுத்திருக்கணும்."

"கரண்ட் போய்ப் போய் வந்துச்சுல்ல" என்றேன். கரண்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பது போலப் பார்த்தான். ஆனாலும் என்னிடம் படித்தவன், எதிர்த்துப் பேச மாட்டான்.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல. மாறி பத்து நாளைக்குள்ளன்னா ஒரே அமுக்குல பழசுக்குப் போயிரலாம். பதினாலாம் தேதி வரைக்கும் டைம் இருக்கு. ரெண்டு மணி நேரம் ஆகும், இப்பவே பண்ணிரவா?"

இன்று முடியாது என்றேன். இவருக்கு முதுகு துடைத்துப் படுக்கை மாற்ற வேண்டியிருந்தது, அந்த அறையில் வேற்று ஆளை வைத்துக்கொண்டு எப்படிச் செய்வது? நானே கூப்பிடுகிறேன் என்றேன். காபி குடித்துவிட்டுப் போனான்.

இவர் கட்டிலிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பசியாக இருக்கும். கஞ்சி கொடுத்தேன். முக்கால் டம்ளர்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சளி அதிகம். கஞ்சி கால் டம்ளர்கூடப் போகவில்லை. பீரோவைச் சுத்தம் செய்தேன், ரொம்ப நாளாகச் செய்ய நினைத்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

மதுரைக்குப் போகவில்லை. இவருக்குப் பயண அலுப்பு ஆகாது. இசக்கிராஜைக் கூப்பிட மறந்துபோனது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றத்துக்கு ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். நீண்ட விடுப்பில் இருக்கிறவளுக்கு அங்கே என்ன வேலை, போகவில்லை. பள்ளிக்கூடத்து மைக் சத்தம் இங்கே வரை கேட்டது. இவரிடம், "என் பசங்க பாட்டைச் சொதப்புறாங்க, கேக்குதா?" என்றேன். முன்பெல்லாம் இந்த மாதிரி நேரத்தில் திரையில் ஏதாவது குசும்பாக விழும். 'டீச்சர் அப்படி' என்று விழும். இன்று வெறும் கண்.

அந்தக் கண்ணை என்னால் வெகு நேரம் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் பல் துலக்கிவிடும்போது சளி அடைத்துக்கொண்டது. முகம் கறுத்துவிட்டது. உறிஞ்சும் குழாய் போட்டும் வரவில்லை. ஆம்புலன்ஸ். இப்போது மதுரையில் ஐ.சி.யூ. வாசலில் இருக்கிறேன். அவசரம் என்பதால் தொண்டையில் துளை போட்டுவிட்டார்கள். "போன தடவை கண்ணால சரி சொல்லியிருக்கார்ல" என்று சின்ன டாக்டர் தாளைப் பார்த்துக் கேட்டார். ஆமாம் என்றேன்.

உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருக்கிறார். வேறு எதுவும் எனக்கு எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். கூடவே மிஷினும் வந்துவிட்டது. முன் அறை முழுக்க அதன் சத்தம்தான். நெஞ்சு ஏறி இறங்குகிறது, முகம் தெளிவாக இருக்கிறது, மூக்கு வழியாகப் பால் 200 மில்லி. நான் சந்தோஷமாக இருக்கிறேன். இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. காலையில் எழுந்து அந்த அறைக்குள் போனால் ஆள் இருக்கிறார். அது போதும் எனக்கு.

நான் பக்கத்தில் போனால் கண்ணை மூடிக்கொள்கிறார். களைப்பு.

செப்டம்பர் 1, திங்கள்

தூக்கம் அதிகமாக இருக்கிறது என்று டாக்டரிடம் போனில் சொன்னேன். "நீங்க இல்லாதப்பவும் தூங்குறாரா?" என்று கேட்டார். இதென்ன கேள்வி. நான் இல்லாதபோது என்ன செய்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

செப்டம்பர் 3, புதன்

கனி வந்தாள். அவள் வந்ததும் இவர் கண்ணைத் திறந்தார். அவள் நகர்ந்தால் அந்தப் பக்கம் திரும்புகிறது, இந்தப் பக்கம் வந்தால் இந்தப் பக்கம். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பின்னாலேயே வந்தாள். "மதினி, லேப்டாப்பை ஏன் சரி பண்ணாம வச்சிருக்கீங்க?"

"நேரம் எங்கே இருக்கு?"

"லேப்டாப் கெடுறதுக்கு முந்தியே அண்ணன் எங்கிட்ட அடிச்சுக் காட்டிருச்சு. மிஷின்ல போட்டுக் கிடக்க மாட்டேன்னு. உங்ககிட்டயும் அடிச்சுக் காட்டுறேன்னுச்சு. காட்டலையா?"

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். "ஞாபகம் இல்ல" என்றேன்.

"ஆஸ்பத்திரியிலே நான் சத்தம் போட்டிருக்கணும். பொண்டாட்டிக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிரப் போவுதுன்னு வாயை மூடிட்டேன். இப்ப எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது மதினி." அழுதாள். "அது ஏசும்னு பயப்படுதீங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்குச் சாத்தூரில் புருஷன் இருக்கிறார், பேரப்பிள்ளை இருக்கிறது, எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கத்திவிட்டேன். எனக்குப் பிள்ளை இல்லை. சண்டை போடவும் சமைத்துப் போடவும் இந்த ஒரு ஆள்தான். இவர் போனால் இந்த வீட்டில் நான் யாருக்காக விளக்குப் போடுவது? ஏசட்டும். ஏசுவதற்காவது இருக்கட்டும்.

எல்லாம் முன் அறையில் கேட்டிருக்கும். நடுவில் ஒரு சுவர்தான். கனி முகத்தைக் கழுவிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை இசக்கிராஜைக் கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

இசக்கிராஜ் பென் டிரைவோடு வந்தான். பத்து நாள் தாண்டிவிட்டதால் அந்த ஒரே அமுக்கு இனி இல்லையாம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பழைய வெர்ஷனை அடியிலிருந்து மறுபடி போட வேண்டுமாம். "உள்ளே இருக்கிற பழைய எழுத்தெல்லாம் எடுத்து வைக்கணுமா டீச்சர்? சார் அடிச்சதெல்லாம் ஒரு பைலா இருக்கு" என்றான். கனி அப்போது மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். வேண்டாம் என்றேன். அழித்தான்.

அழித்த பிறகுதான் உறைத்தது. ஆகஸ்ட் மூன்றாம் தேதி அடித்த அந்த வரிகளோடு மற்ற எல்லாமும் போய்விட்டது. 'சாம்பாரில் உப்பு இல்லை, டீச்சர் பரீட்சையில் பெயில்' என்று அடித்தது போய்விட்டது. என் பிறந்தநாளுக்கு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து அடித்தது போய்விட்டது. இவரைப் பிடித்து வைக்க வேண்டும் என்று நினைத்து, இவர் பேசிய பேச்சு மொத்தத்தையும் நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இசக்கிராஜிடம் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினான்.

பழைய வெர்ஷன் ஏறி முடிந்தது. அடுத்து துரைசிங்கம் கொடுத்த சி.டி. வேண்டும் என்றான். வேறெங்கும் கிடைக்காது, செய்தவர் இல்லை. "எங்கே வச்சேன்னு தெரியலையே" என்றேன்.

கனி மருந்துப் பையைக் கீழே வைத்தாள். நேராக இவரிடம் போனாள். "அண்ணே, சி.டி. எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

மேலே பார்த்தார்.

"கட்டிலுக்கு அடியிலயா?" மூடினார். "டி.வி. அலமாரியிலயா?" மூடினார். "சாமி ரூம்லயா?" மூடினார்.

"பீரோவுலயா?"

மேலே பார்த்தார். இவர் கட்டிலிலிருந்து பீரோ நேராகத் தெரியும்.

கனி திறந்தாள். என் பட்டுச் சேலைகளுக்கு நடுவில் இருந்தது. அங்கே எப்படிப் போனது என்று... வேண்டாம். இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.

கனி என்னைத் திட்டவில்லை. "இவ்வளவு தெளிவாச் சொல்லுது மதினி" என்று மட்டும் சொன்னாள். ஐந்து தடவை கேட்டாள், ஐந்து தடவையும் பதில் வந்தது. மதுரையைப் போலவே இங்கேயும் ஜன்னல் வெளிச்சம் முகத்தில் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

பித்தான் வேலை செய்கிறது. போகும்போது இசக்கிராஜ், "நெட் குடுக்காதீங்க டீச்சர். குடுத்தா மறுபடி புதுசுக்கு மாறட்டுமான்னு கேக்கும்" என்றான். சரி என்றேன்.

செப்டம்பர் 6, சனி

இவர் இன்று எதுவும் அடிக்கவில்லை. கட்டம் மேலிருந்து கீழே போய்க்கொண்டே இருந்தது. கன்னம் அசையவில்லை. நான் அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்தேன். ரசம் வைத்தேன், அப்பளம் பொரித்தேன். எனக்கும் கனிக்கும்தான், இருவரும் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையிலேயே அடிக்கத் தொடங்கிவிட்டார். கனி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கொல்லையில் துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி துவைத்தேன். கடைசியில் கனி வந்து, "அண்ணன் உங்களைத்தான் கூப்பிடுது. நான் வெளியே இருக்கேன்" என்றாள்.

கையைத் துடைத்துக்கொண்டு போனேன். கண்ணை மூடிக்கொள்வார் என்று நினைத்தேன். மூடவில்லை. திரையைப் படித்தேன். அதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன். இதையாவது யாரும் அழிக்காமல் இருக்கட்டும்.

'ராணி. அன்னைக்கு மூணு தடவை கேட்டுச்சு. மூணு தடவையும் என்னைத் திரும்பிப் பாத்துட்டுத்தான் அமுக்குன. நான் கண்ணை மூடிருக்கலாம். மூடல. உன் முகத்தைப் பாத்து முடியல. உனக்காக ஒரு மாசம் இருந்து பாத்துட்டேன். இப்ப நீ கேளு. டீச்சர் மாதிரி பதிலைச் சொல்லிக் குடுக்காம கேளு.'

நான்தான் அமுக்கினேன். அடுப்படியில் இல்லை. இந்த முக்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இவரால் தலையைத் தொட முடியாது. மிஷின் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கன்னம் துடித்து இன்னும் ஒரு வார்த்தை விழுந்தது. 'கேளு.'

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். அவர் கண்ணுக்கு நேராக நின்றேன்.

"இந்த மிஷின் உங்களுக்கு வேணுமாங்க?"

வேணும்தானே என்று கேட்கவில்லை. கேட்டுவிட்டுச் சும்மா நின்றேன். பதில் வரும்வரை சும்மா நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று எந்தப் பிள்ளையும் என்னிடம் சொன்னதில்லை.

நாளைக் காலை டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். இவரே அடித்த தாளைக் கேட்பார். மை வாங்கி வரச் சொல்லிக் கனியை அனுப்பியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் நான் சொன்னது இவர் சொன்னதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். டாக்டர் இந்த நோட்டைப் படிக்கிறவர் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன்.

இன்று காலையிலிருந்தே மூட்டமாக இருந்தது. ஜன்னலைச் சாத்தியிருந்தேன். விளக்குப் போடவில்லை. இவர் முகத்தில் எந்த வெளிச்சமும் படவில்லை.

கண்ணை மூடினார்.